சலிச்சாச்சு

அவருடைய பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொல்லியும் பெரிய பயன் இல்லை. எங்கள் கல்லூரி கேன்டீன்காரர் அவரை வேறு ஏதோ ஒரு பெயரில்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். முதல் நாள் காதில் தப்பாக வாங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. அக்காவும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்து, அந்தப் பெயருக்கே டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, அது என் பேரு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லலாம் இல்ல?" என்று கேட்டேன்.

"டீ சரியாத்தான வருது பாய்" என்றார்.

இந்தக் குணத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். தன்னைப் பற்றியோ தன் வேலையைப் பற்றியோ யார் என்ன தப்பாகப் புரிந்துகொண்டாலும் அவர் திருத்த மாட்டார். பொய் சொல்ல மாட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும். எதிராளி ஒன்றை நினைத்துக்கொண்டால் அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார். அது நல்ல குணமா, ஆளைக் கவிழ்க்கிற குணமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இப்போது அவர் வாலாஜாபாத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறார். அங்கே போனதுகூட இந்தக் குணத்தால்தானா என்பது எனக்குத் தீராத குழப்பம்.

அதுவும் எனக்குப் போய் அப்படி ஒரு ஆள் பக்கத்து மேஜையில் வாய்த்தார். என் தொழிலே பிரித்துச் சொல்வதுதான். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் உள்ள ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் ஜிசி என்கிற எந்திரத்தை ஓட்டுகிறேன். ஒரு கலவையை ஊசியில் எடுத்து அந்த எந்திரத்துக்குள் ஏற்றினால், கலவையில் இருக்கிற ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளியே வந்து திரையில் ஆளுக்கொரு கூம்பாக எழும். எந்தக் கூம்பு எது என்று பெயர் சொல்ல வேண்டியது நான். இதுவாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னால் சம்பளம் கொடுக்க மாட்டார்கள்.

அக்கா அங்கே ஆராய்ச்சி மாணவி. மாணவி என்றதும் சின்னப் பெண்ணாக நினைக்க வேண்டாம், முப்பதைத் தாண்டியவர். எங்கெங்கோ வேலை பார்த்து, விட்டுவிட்டு, பிஎச்டி பண்ணியே தீருவது என்று வந்தவர். ஐயம்பேட்டையில் வீடு. தினமும் ஷேர் ஆட்டோவில் வருவார். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. ஜரிகைக் கடை சாயபு வீட்டுப் பிள்ளை என்பதால் நான் அவருக்கு பாய்.

அவருடைய ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். வாலாஜாபாத் பக்கம் ஒருவர் ஓட்டல்களிலும் பஜ்ஜிக் கடைகளிலும் மிஞ்சிப்போன எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்குகிறார். டீசல் மேலே தெளிந்ததும் அடியில் பழுப்பாக, கெட்டியாக ஒன்று தங்கிவிடும். அது கிளிசரால். மருந்துக் கடையில் கிளிசரின் என்று சின்ன பாட்டிலில் பளிச்சென்று விற்கிறார்களே, அதேதான். ஆனால் உப்பும் சோப்பும் கலந்து நாறிக்கொண்டிருக்கும். யாரும் வாங்க மாட்டார்கள். அதை நீல டிரம்மில் கொண்டுவந்து, வடிகட்டிச் சுத்தம் செய்து, ஆவியாக்கி, சூடான குழாய்க்குள் அடைத்து வைத்திருக்கும் ஜியோலைட் வழியாகச் செலுத்துவோம். மறுபக்கம் அது அக்ரோலின் என்ற வேறு பொருளாக வெளியே வரும். எண்ணெய்ச் சட்டி கருகும்போது கண்ணை எரிக்குமே ஒரு நெடி, அதுதான் அக்ரோலின். நெடி பொல்லாதது என்றாலும் காரியக்காரன். அதிலிருந்து கோழித் தீவனத்தில் சேர்க்கிற சத்தும் செய்யலாம், சுவருக்கு அடிக்கிற பெயிண்டுக்கு வேண்டியதும் செய்யலாம்.

ஜியோலைட் என்பது பார்க்கக் கோலமாவு. உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள். மூலக்கூறு சல்லடை என்று பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர். காரியமெல்லாம் அந்தத் துளைகளுக்குள்தான் நடக்கிறது, வினையும் அங்கேதான். கிளிசராலில் கொஞ்சம் கரியாகித் துளையை அடைத்துவிடும். காலையில் வெள்ளையாகப் போட்டது மத்தியானச் சாப்பாட்டுக்குள் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அதற்கப்புறம் இந்தப் பக்கம் என்ன போகிறதோ அதுவே அந்தப் பக்கம் வந்து சேரும்.

ஒரே ஒருமுறை கறுக்கவில்லை. சாயங்காலம் ஆய்வகத்தைப் பூட்டுகிற நேரம்வரை அக்ரோலின் கூம்பு இறங்காமல் நின்றது. குழாயைத் திறந்து கொட்டிப் பார்த்தால் பால் கூடுதலாக விட்ட டீயின் நிறம். சந்தோஷத்தில் எனக்கு நாக்கே புரளவில்லை. எங்கள் சார், அதாவது அக்காவுக்கு வழிகாட்டி, ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த சாதுவான மனிதர், அந்தத் துகள்களை உள்ளங்கையில் வைத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இதே மாதிரி வரட்டும்மா. அப்புறம் எழுத உக்காந்துடலாம்" என்றார்.

அந்த இன்னொரு தடவைதான் அக்காவின் பட்டம். அது வரவே இல்லை.

ஏன் அன்றைக்கு மட்டும் அப்படி வந்தது என்பதில் ஆளுக்கொரு கட்சி. அந்த டிரம்மில் ஏதோ கலந்திருந்தது என்பது சாரின் கட்சி. டிரம் கொடுத்த எண்ணெய்க்காரரிடம் போய்க் கேட்டால், தெலுங்கும் தமிழுமாக, "எல்லா டிரம்மும் ஒக்கட்டே மேடம், ஒண்ணுதான்" என்று சத்தியம் செய்தார். அக்கா அவர் கட்சியிலும் இல்லை, சார் கட்சியிலும் இல்லை. "அன்னைக்கு நல்லா சலிச்சிருந்தேன் பாய். அதான்" என்றார்.

ஜியோலைட் பொடியை அப்படியே குழாயில் போட முடியாது. அழுத்தி வில்லையாக்கி, வில்லையை நொறுக்கி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த இரண்டு சல்லடைகளில் சலிக்க வேண்டும். பெரிசு மேலே நின்றுவிடும், தூசு கீழே போய்விடும், நடுவில் தங்குவதுதான் குழாய்க்குள் போகும். தூசு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் ஆவி நேராகப் போகாமல் ஒரு ஓரமாகப் பூந்துகொண்டு போய்விடுகிறது என்பது அக்காவின் எண்ணம். அதனால் சலித்ததையே மறுபடி சலிப்பார். நாங்கள் கேன்டீனுக்குப் போகும்போது சலித்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போதும் சலித்துக்கொண்டிருப்பார். மேல் சல்லடையை இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டு மட்டும் ஆடும். சல்லடையையே சல்லடையில் போட்டுச் சலிக்கிற ஒரே ஆள் நீங்கதான் என்று கிண்டல் செய்வேன். சிரித்துக்கொண்டே சலிப்பார்.

இங்கேதான் சார் வருகிறார். சார் கொஞ்சம் புத்தகத் தமிழ் பேசுகிறவர். போரடிச்சிடுச்சா, வெறுத்துப் போச்சா என்றெல்லாம் கேட்கத் தெரியாது. ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாரும் எந்த நேரமும் விட்டுவிட்டு ஓடக் காத்திருக்கிறார்கள் என்பது அவருடைய நிரந்தரக் கவலை. அதனால் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அக்காவிடம், "என்னம்மா, சலிச்சிட்டியா?" என்று கேட்பார்.

அக்கா சல்லடையிலிருந்து தலையைத் தூக்காமல், "இன்னும் இல்ல சார்" என்பார். சில நாள், "பாதிதான் சார்" என்பார்.

சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. வெளியே வந்து என்னிடம், "எத்தனை தோல்வி, பாருப்பா. இன்னும் பாதிதான் சலிச்சிருக்காளாம். என்ன பொறுமை" என்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் அக்காவிடம் விஷயத்தை உடைத்தேன். சார் கேட்பது மனசு சலித்துவிட்டதா என்று. நீங்கள் பதில் சொல்வது பொடியைப் பற்றி என்றேன்.

"தெரியும் பாய்" என்றார். "மொத தபா எனக்கும் புரியல. ஊட்டுக்குப் போற வழியில புரிஞ்சுது. ஆட்டோல ஒரே சிரிப்பு."

"அப்புறம் ஏன் அப்படியே சொல்லிக்கினு இருக்கீங்க?"

"அவுருக்கு அதுல ஒரு சந்தோஷம். நான் புட்டுப் புட்டு வெச்சா எனக்கு இன்னா கெடைக்கப் போவுது?"

"அப்ப நெஜமாவே சலிக்கலயா உங்களுக்கு?"

"எது?" என்று கேட்டுவிட்டு மறுபடி சலிக்க ஆரம்பித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

வெளியூரிலிருந்து ஒரு பெரியவர் ஆய்வகத்தைப் பார்வையிட வந்தார். காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டால் போதும், எல்லாருக்கும் தறி ஞாபகம்தான். ஜியோலைட்டுக்குள் துளைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதைத் திரையில் பார்த்ததும் அவர் உருகிப்போய், "பாவும் ஊடையும் மாதிரியே இருக்கு. நீங்க நெசவுக் குடும்பமாம்மா?" என்று அக்காவைக் கேட்டார். அக்கா லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். கூட வந்திருந்த நிருபரும் எடுத்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில், கழிவிலிருந்து ரசாயனம் காணும் நெசவாளி மகள் என்று படத்துடன் வந்துவிட்டது.

அக்காவின் வீட்டில் தறி இருந்ததே இல்லை. அவருடைய தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா பெயிண்டர், ஊரில் புது வீடு கட்டினால் இவர்தான் சுவருக்கு அடிப்பார். ஒரு கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடப் போனபோது அந்தப் பேப்பரைக் கத்தரித்து காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "நாம பெயிண்டு அடிச்சுக்கினு இருந்தோம். பேப்பர்காரன் நெசவாளி ஆக்கிட்டான் பாருப்பா" என்றார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "பாப்பா பண்ற பெயிண்டு எப்ப கடைக்கு வரும்? கலர் நிக்குமா?" என்று என்னிடம் விசாரித்தார். மகள் பெயிண்ட் கண்டுபிடிக்கிறாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் இலையில் இன்னொரு கரண்டி பிரியாணியைப் போட்டார்.

ஷேர் ஆட்டோக்காரர் நம்பியது வேறு. கிளிசரின் என்ற சொல்லைக் கேட்டதும், சினிமாவிலும் சீரியலிலும் நடிகைகள் அழுவதற்குக் கண்ணில் விடுகிற சரக்கை அக்காதான் காய்ச்சி அனுப்புகிறார் என்று அவராக முடிவு செய்துவிட்டார். எந்த சீரியலுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்பார். ஆய்வகத்தில் நெடி கசிந்த நாட்களில் அக்கா கண் சிவந்துபோய் ஆட்டோவில் ஏறினால், "இன்னிக்கு நீங்களே டெஸ்ட் பண்ணிட்டீங்களாம்மா" என்று அனுதாபப்படுவார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவார். அந்த நாட்களில் சிலவற்றில் நெடி கசியவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அது நானும் அக்காவும் ஒருபோதும் பேசிக்கொள்ளாத விஷயம்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பு. சிரிப்பு வராத ஒன்றும் உண்டு. அவர்கள் சர்ச்சில் அக்கா மருந்து கண்டுபிடிக்கிறார் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவருக்காகத் தனியாக வேண்டிக்கொள்வார்களாம். ஒருநாள் அந்தச் சபையைச் சேர்ந்த வயசாளி ஒருவர் கல்லூரி வாசலில் வந்து நின்றார். கால் முழுக்கப் படை, வெடிப்பு. மருந்து கொடும்மா என்றார். அக்கா என்ன செய்தார் தெரியுமா? மருந்துக் கடைக்குப் போய் ஒரு கிளிசரின் பாட்டில் வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தார். பெரியவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கடையில வாங்குனதுன்னு சொல்ல வேண்டியதுதான? நீங்க கண்டுபிடிச்சதுன்னு நெனச்சுக்கினு போறாரு."

"அதனால கெடுதல் ஒண்ணும் இல்ல பாய். வெடிப்புக்கு நல்லதுதான்."

"அத நம்பிக்கினு டாக்டர்கிட்ட போகாம இருந்துட்டாருன்னா?"

அன்றைக்கு முழுதும் அக்கா சல்லடையைத் தொடவில்லை. அடுத்த நாள் லீவு போட்டார். விசாரித்தால், அந்தப் பெரியவரைத் தானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய், தோல் டாக்டரிடம் காட்டி, மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். சரி, இப்போதாவது உண்மையைச் சொன்னாரா என்றால் அதுதான் இல்லை. "நான் குடுத்ததோட இந்த மாத்திரையும் சாப்புடணும்னு சொல்லிட்டேன்" என்றார். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். பெரியவருக்குக் கால் ஆறிவிட்டது. சர்ச்சில் அக்காவுக்கு ஜெபம் இன்னும் பலமானது.

அதற்கப்புறம்தான் எனக்கு ஒரு பயம் வந்தது. அந்த ஒரே ஒரு நல்ல நாளும் இப்படி ஏதாவது நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு, அக்கா திருத்தாமல் விட்டுவிட்ட நாளோ? எங்கள் சந்தோஷத்தைக் கலைப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டாரோ? சொல்லாமல் கொள்ளாமல் பழைய பதிவுகளை எடுத்து ஒவ்வொரு கூம்பாகச் சரிபார்த்தேன். அக்ரோலின் அக்ரோலின்தான். அக்காவிடம் தப்பே இல்லை. சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் பயம் முழுசாகப் போகவில்லை.

இப்படியே நாட்கள் போயின. டிரம் மாறியது, வில்லை மாறியது, சூடு கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். மத்தியானம் ஆனால் கறுத்தது. அக்காவின் பிஎச்டி பதிவுக் காலமும் முடியும் நிலைக்கு வந்துவிட்டது. நீட்டித்துத் தரச் சொல்லி சார் பரிந்துரை எழுத வேண்டும். எழுதாவிட்டால் அதோடு சரி. அந்த நேரம் பார்த்து வாலாஜாபாத் பள்ளிக்கூடத்திலிருந்து அவருக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. பள்ளி திறக்கிற அன்றைக்கே வந்து சேர வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லாரும் போ என்றார்கள். அப்பா மட்டும், "பெயிண்டு இன்னா ஆவறது?" என்று கேட்டாராம். அக்கா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு ஊரில் கருட சேவை. பெருமாள் கருடன்மேல் ஏறி ஊர்வலம் வருகிற நாள். ஊருக்குள் வண்டி நுழையாது. நான் சந்து சந்தாகப் புகுந்து பைக்கில் வந்து சேர்ந்தேன். அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஐயம்பேட்டையிலிருந்து நேராக வந்து, எனக்கு முன்னாலேயே சலித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் சலித்ததைப் போல் நான் பார்த்ததே இல்லை. தட்டில் கொட்டுவார், கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பார், மறுபடி சல்லடையில் போடுவார்.

போன் அடித்தது. சார். கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது தூரத்தில் நின்ற எனக்கே கேட்ட நாதஸ்வரத்திலிருந்து தெரிந்தது. அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அக்கா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையில் சல்லடையோடு, "எல்லாம் சலிச்சாச்சு சார்" என்றார்.

அப்புறம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றார். மணிக்கட்டு நின்றுவிட்டது. "சரிங்க சார்" என்றார். போனை வைத்தார். தட்டில் இருந்ததைச் சின்ன பாட்டிலில் கொட்டி மூடி, ஈரம் படாத கண்ணாடி ஜாடிக்குள் வைத்தார். சல்லடை இரண்டையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்தார். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "வரேன் பாய்" என்றார். சாப்பிடப் போகிறார் என்று நினைத்து, "சரிக்கா" என்றேன்.

சாப்பிடப் போனவர் திரும்பி வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மறுநாள் சார் வந்தபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

"பாவம்ப்பா" என்றார் சார். "ஸ்கூல்ல ஆர்டர் வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். அதான் போன்ல கேட்டேன், என்னம்மா, சலிச்சிட்டியான்னு. எல்லாம் சலிச்சாச்சு சார்னு சொல்லிட்டாள். எத்தனை நாள் மனசுல வெச்சிருந்தாளோ. சரிம்மா, போதும், நீ பட்டதெல்லாம் போதும், நல்லா இருன்னு சொன்னேன்."

ஜாடியைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். "சார், அவங்க சலிச்சாச்சுன்னு சொன்னது இதை."

சார் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு தூசு இல்லை. அத்தனையும் ஒரே அளவு. அக்காவின் பதிவை ரத்து செய்யச் சொல்லி அவர் எழுதிய கடிதம் அவர் பையிலேயே இருந்தது, ஆபீசில் இன்னும் கொடுக்கவில்லை. "நீயே ஓட்டிப் பாருப்பா. வந்தா கூப்பிடலாம்" என்றார்.

ஓட்டினேன். அந்தப் பகல் முழுக்க எனக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. மத்தியானம் வந்தது, கூம்பு இறங்கவில்லை. சார் கூடவே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் தாண்டியது, நின்றது. இதுதான், வந்துவிட்டது என்று நான் எழுந்து நிற்கும்போது லேசாகச் சரிய ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் படுத்துவிட்டது. கொட்டிப் பார்த்தால் கறுப்பும் இல்லை, டீ நிறமும் இல்லை, கடுங்காப்பி. மற்ற நாட்களைவிட நன்றாக இருந்தது, அந்த ஒரு நாள் அளவுக்கு இல்லை. சலித்ததால்தான் இவ்வளவாவது நின்றதா, இல்லை சலித்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையா? வாழ்க்கையில் முதல்முறையாகத் திரையில் இருக்கிற கூம்புக்குப் பெயர் தெரிந்தும் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

"எழுத இது போதும்ப்பா" என்றார் சார். "லெட்டர் என்கிட்டயேதான் இருக்கு. வரச் சொல்லு."

பள்ளி திறந்துவிட்டிருந்தது. மறுநாள் மத்தியான இடைவேளையில் கூப்பிட்டேன். இந்த முறை எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"யக்கா, ஓட்டிப் பாத்தோம். நீங்க வெச்சிட்டுப் போனத."

"கறுத்துச்சா?"

"கறுத்துச்சு. ஆனா எப்பவும் மாதிரி இல்ல. மத்தியானம் தாண்டி நின்னுச்சு. சாயங்காலம் வரைக்கும் நிக்கல."

"அப்ப சலிச்சதுதான் காரணமா பாய்?"

"தெரியலக்கா. சத்தியமா தெரியல. சார் போதும்ன்றாரு. வந்து எழுத உக்காரச் சொல்றாரு. லெட்டர் இன்னும் போகல."

அவர் யாரோ ஒரு பிள்ளையை ஓடாதே என்று அதட்டினார். நான்தான் கேட்டேன். "அன்னைக்கு சார்கிட்ட எல்லாம் சலிச்சாச்சுன்னு சொன்னீங்களே. இன்னா நெனச்சு சொன்னீங்க?"

"பொடியத்தான் சொன்னேன் பாய். கையில சல்லடை இருந்துச்சு, நீ பாத்தியே."

"அப்ப சார் தப்பா எடுத்துக்கினாருன்னு அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல? இதையுமா விட்டுட்டீங்க?"

"திருத்தலாம்னுதான் வாயத் தொறந்தேன்" என்றார். "அதுக்குள்ள அவுரு போதும்மான்னாரு. போதும்னு சொன்னாரு பாய். இத்தினி வருஷமா அந்த ஒரு வார்த்தய எங்கிட்ட யாருமே சொல்லல. எங்கப்பா சொல்லல, சர்ச்சுல சொல்லல, நீயும் சொல்லல. அதக் கேட்டதும், அவுரு புரிஞ்சுக்கினதுதான் சரியோ, நான் சொன்னதுதான் தப்போன்னு ஆயிடுச்சு."

"அப்ப வர மாட்டீங்களா?"

"சார்கிட்ட சொல்லு."

"இன்னான்னு சொல்றது?"

"அதேதான். எல்லாம் சலிச்சாச்சுன்னு சொல்லு." மணி அடித்தது. "கிளாஸ் இருக்குது பாய், வெச்சிடறேன்" என்றார்.

சார் அறைக்குப் போனேன். அக்கா வந்தால் உட்கார்ந்து எழுத வசதியாக, ஜன்னலோர மேஜையிலிருந்த பழைய தாள்களை எல்லாம் அவரே எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மேஜை சுத்தமாக இருந்தது.

"என்னப்பா சொன்னாள்?"

"எல்லாம் சலிச்சாச்சாம் சார்" என்றேன்.

சார் கையில் இருந்த தாள்களோடு அப்படியே நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்து, "எதைப்பா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் தெரிந்தவர் அங்கே இல்லை.